பக்கத்து வீட்டு ஜப்பான்

டப்பா திரும்பி வந்துவிட்டது. காலியாக வந்திருந்தால் பிரச்சினையே இல்லை.

வான்மதி அதைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். பக்கத்து வீட்டு நகமுரா அம்மாளுக்கு முறுக்கு போட்டுக் கொடுத்த அதே எவர்சில்வர் டப்பாதான். இப்போது நீல நிறத்தில் வெள்ளை அலை போட்ட ஒரு துணிக்குள் உட்கார்ந்திருந்தது. துணியின் நான்கு முனைகளும் மேலே கூடி, பூப்போல ஒரு முடிச்சு.

"என்னமோ வெடிகுண்டைப் பார்க்கிற மாதிரி பார்க்கறே? பிரி, வானு," என்றான் அவள் கணவன் சபரி.

"எப்படிப் பிரிக்கிறதுன்னு தெரியலீங்க. இந்த முடிச்சுக்கெல்லாம் ஒரு மெத்தட் இருக்காம்."

சபரி கத்தரிக்கோலை எடுத்தான்.

"ஐயையோ! துணியைத் திருப்பிக் கொடுக்கணும்!"

"துணியையுமா?"

"பின்னே? அவங்க ஊர்ல பரிசைத் துணியில சுத்திக் கொடுப்பாங்க. வாங்கினவங்க துணியை மடிச்சுத் திருப்பிக் கொடுக்கணும். படிச்சேன்."

உள்ளே அரிசி மாவில் செய்த உருண்டைகள் இருந்தன. வெளியே வழுவழுவென்று வெள்ளை, நடுவில் இனிப்புப் பூரணம். மோச்சி என்று பெயர். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். வான்மதி பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சபரி இரண்டை விழுங்கியிருந்தான்.

"சூப்பரா இருக்கு. சரி, நாம முறுக்கு கொடுத்தோம், அவங்க இதைக் கொடுத்தாங்க. மேட்டர் க்ளோஸ்."

"எப்படிங்க க்ளோஸ் ஆகும்? துணியை வெறுமனேவா கொடுக்கறது? எங்க வீட்ல பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்ததே கிடையாது. ஒரு துண்டு வெல்லமாவது போட்டுத்தான் கொடுப்போம்."

"துணி பாத்திரம் இல்லையே."

"அவங்களுக்கு அதுதாங்க பாத்திரம்."

இந்த இடத்தில் வான்மதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொந்த ஊர் ஈரோடு. கல்யாணமாகி நியூ ஜெர்ஸிக்கு வந்து பார்சிப்பனியில் குடித்தனம் நடத்தினாள். அங்கே கதவைத் திறந்தால் தமிழ், ஜன்னலைத் திறந்தால் தெலுங்கு. கறிவேப்பிலை தீர்ந்துபோனால் மூன்று வீட்டிலிருந்து வரும். சபரிக்குச் சான்டா கிளாராவில் வேலை மாறியதும் சன்னிவேலுக்குக் குடிவந்தார்கள். இங்கேயும் நம்மவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் எல் கமீனோ சாலை ஹோட்டல் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்களே தவிர, அவள் தெருவில் ஒருவரும் இல்லை. அவளுக்கோ வேலை வீட்டிலிருந்தபடியே. நாள் முழுக்க லேப்டாப்பில் தெரியும் முகங்களைத் தவிர வேறு முகம் கிடையாது.

ஒரு பக்கம் காலி வீடு. இன்னொரு பக்கத்துத் தபால் பெட்டியில் 'நகமுரா' என்று எழுதியிருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண்மணி, தனியாக இருந்தாள். சத்தம் போட்டுப் பேசுவதில்லை. குப்பைத் தொட்டியைக்கூட வளையாமல் நெளியாமல் கோடு போட்டதுபோல் நிறுத்தி வைப்பாள்.

"டிசிப்ளினைப் பாருங்க! ஜப்பான்காரங்கன்னா சும்மாவா?" என்று வான்மதி அந்தக் குப்பைத் தொட்டியையே புகழ்ந்தாள்.

எப்படியாவது இந்த ஒரு பக்கத்து வீட்டையாவது பிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். முடிவு செய்தால் வான்மதி அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவள் தொழில். ஜப்பானிய மரியாதைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள். புதிதாகக் குடிவந்தவர்கள்தான் அக்கம்பக்கத்துக்குப் பரிசோடு போக வேண்டும். இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். இடுப்பிலிருந்து வளைய வேண்டும், கழுத்திலிருந்து அல்ல. சொந்த விஷயம் எதையும் கேட்கக் கூடாது. "இது ஒன்றுமில்லாத பொருள்தான், ஆனாலும்..." என்று தாழ்த்திச் சொல்ல வேண்டும், அதற்கு ஜப்பானிய மொழியில் ஒரு வாக்கியம் உண்டு. அந்த வாக்கியத்தைக் குளிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தாள். சபரியை வாசலில் நிறுத்தி வைத்து மூன்று தடவை குனிந்து பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நகமுரா அம்மாள் கதவைத் திறந்தபோது பேஸ்பால் தொப்பி போட்டிருந்தாள். வான்மதி இடுப்பிலிருந்து வளைந்தாள். முறுக்கு டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினாள். வாக்கியத்தைச் சொன்னாள்.

நகமுரா அம்மாள் அசையாமல் நின்றாள். பிறகு தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான் மெல்லத் தொப்பியைக் கழற்றிவிட்டு, அவளும் குனிந்தாள்.

"மன்னிக்கணும், என்ன சொன்னீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வான்மதிக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "என் ப்ரனன்ஸியேஷன் சரியில்லைங்க. அவங்களுக்குப் புரியவே இல்லை. ஆனா அவங்க இங்கிலீஷைக் கேட்கணும் நீங்க! இங்க நியூஸ் வாசிக்கிறவங்க மாதிரியே பேசறாங்க. எவ்வளவு கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டிருப்பாங்க, பாவம்!" என்றாள்.

அன்றே போனில் ஜப்பானிய மொழி கற்றுத்தரும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டாள்.

ஆக, முறுக்கு போனது, மோச்சி வந்தது. துணியோடு தேங்காய் பர்பி போனது. பர்பி போன தட்டில் மஞ்சளாக, பஞ்சுபோல ஒரு கேக் வந்தது. கேக் வந்த மரப்பெட்டியோடு ஒரு தூக்குப்போசி நிறைய, எண்ணெயில் சுட்ட வெல்லக் கச்சாயம் போனது. அந்தத் தூக்குப்போசியில் கடல்பாசி ஒட்டிய அரிசி அப்பளம் வந்தது. நகமுரா அம்மாள் ஒவ்வொரு முறை வரும்போதும் வாசலில் ஒரு நொடி நின்று, மனசுக்குள் ஏதோ எண்ணுவதுபோலக் கண்ணை மூடி, பிறகு குனிவாள். முதல்முறை குனிந்ததைவிட ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் ஆழம்.

"பார்த்தீங்களா, எவ்வளவு மரியாதை!" என்று வான்மதி உருகினாள். தானும் அதற்குச் சமமாகக் குனிந்தாள். அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

இடுப்பாவது பரவாயில்லை. வேலைதான் கெட்டது. ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் பேசிக்கொண்டிருக்க, வான்மதி காமிராவை அணைத்துவிட்டுப் பாகு பதம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்துபோய், "கம்பிப் பதம் வந்துடுச்சா?" என்று அவள் கேட்டது மூன்று நாடுகளுக்குக் கேட்டது.

"வானு, இது நமக்குத் தாங்காது. ஸ்டாப் பண்ணிடு," என்றான் சபரி.

"நான் எப்படிங்க ஸ்டாப் பண்றது? கடைசியா கொடுத்தது அவங்க. பந்து நம்ம பக்கம் இருக்கு."

"அப்ப திருப்பித் தர வேண்டாத டப்பால கொடு. யூஸ் அண்ட் த்ரோ."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. இந்தியக் கடையில் அலுமினியத் தட்டு வாங்கி, அதில் ரவா லட்டு வைத்துக் கொடுத்தாள். இரண்டே நாளில் அந்தத் தட்டு வந்துவிட்டது. கழுவி, துடைத்து, கசங்கின மூலைகளை நிமிர்த்தி, வாங்கும்போது இருந்ததைவிடப் பளபளவென்று இருந்தது. அதற்குள் எள் தூவிய பிஸ்கட். அதன் மேல் காகிதத்தில் மடித்த ஒரு கொக்கு. கொக்கின் ஒரு சிறகு கோணலாக இருந்தது.

"குப்பையில போடற தட்டைக்கூட மதிக்கிறாங்களே!" என்று வான்மதி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான்தான் மட்டமா நடந்துக்கிட்டேன்."

அந்தக் குற்ற உணர்ச்சியில் அடுத்து ஒப்புட்டே, அதாவது பருப்புப் போளியே, சுட்டுவிட்டாள்.

சபரி வேறு வழி சொன்னான். "அவங்களுக்குப் பிடிக்காத ஐட்டமாக் கொடு. ஒரே தடவையில ஓடிடுவாங்க. அந்த நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கே, உங்கம்மா அனுப்பினது, அதைக் கொடு."

"பாவம்ங்க, உப்புல ஊறினது. நாக்கு பொத்துப்போயிடும்."

"அதான் வேணும்."

நார்த்தங்காய் போனது. மறுநாள் சாயங்காலம் நகமுரா அம்மாள் வாசலில் நின்றாள். முகம் சிவந்திருந்தது. சபரி கதவுக்குப் பின்னாலிருந்து கட்டை விரலைக் காட்டினான்.

"இதை எப்படிச் செய்வது?" என்று கேட்டாள் அம்மாள். "முழுவதையும் சாப்பிட்டுவிட்டேன்."

கேட்டுவிட்டு ஒரு கண்ணாடி ஜாடியை நீட்டினாள். உள்ளே உப்பில் ஊறிய சிவப்பு நிறச் சின்னப் பழங்கள், ஒருவகைப் பிளம். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வான்மதி தயிர் சாதத்தில் ஒன்றை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்து சபரியைப் பார்த்தாள். சபரி ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அப்புறம் இரண்டு பேரும் இன்னொரு தடவை சாதம் போட்டுக்கொண்டார்கள். தயிர் சாதத்துக்கென்றே பிறந்த ஊறுகாய் இத்தனை நாள் ஜப்பானில் இருந்திருக்கிறது.

"இப்ப ஜாடியைத் திருப்பித் தரணும். கண்ணாடி ஜாடி வேற," என்றாள் வான்மதி கடைசியில்.

அந்த வாரம் அவளுடைய ஆபீசில் புது மென்பொருள் ரிலீஸ். மூச்சுவிட நேரமில்லை. வறுக்கவும் பொரிக்கவும் முடியாது. வெறும் ஜாடியைக் கொடுக்கவும் மனசு வராது. வேறு வழி தெரியாமல், தோட்டத்தில் நின்ற நகமுரா அம்மாளிடம் வான்மதி ஒரு பொய் சொன்னாள். வாழ்க்கையில் அவள் சொன்ன பொய்களில் அதுதான் பெரிது.

"நாங்க ஒரு வாரம் கிராண்ட் கேன்யன் போறோம். வந்து ஜாடியைத் தர்றேன்."

நகமுரா அம்மாள் தலையாட்டினாள். ஒரு மணி நேரத்தில் கதவைத் தட்டினாள். பயணம் போகிறவர்களுக்கு வழியனுப்புப் பரிசு கொடுப்பது வழக்கமாம். வழியில் கொறிக்க ஒரு பை நிறையத் தின்பண்டம். அதோடு ஒரு சின்னச் சிவப்புத் துணித் தாயத்து, பயணத்தில் ஆபத்து வராமல் காக்க.

"நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். நிம்மதியாகப் போய்வாருங்கள்," என்று குனிந்தாள்.

கதவைச் சாத்தியதும் வான்மதி அழாத குறை. "சமையல்கட்டுக்குப் போறதுக்குத் தாயத்துக் கட்டியிருக்கோமுங்க! அது மட்டுமில்லை. ஊருக்குப் போயிட்டு வந்தா அந்த ஊர்ப் பலகாரம் வாங்கிட்டு வந்து தரணுமாம் அவங்க வழக்கத்துல. கிராண்ட் கேன்யனுக்கு நான் எங்க போவேன்?"

"ஆன்லைன்ல ஆர்டர் பண்ணலாம்."

"வாசலுக்கு வர்ற பார்சலை எடுத்து வைக்கப்போறதே அவங்கதான்!"

ஆக, சொந்த வீட்டில் தலைமறைவு வாழ்க்கை ஆரம்பமானது. காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினார்கள். திரைகளை இழுத்துவிட்டார்கள். சபரி துணி அலமாரி அறைக்குள் நாற்காலி போட்டு, தொங்கும் சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மீட்டிங் பேசினான். "உன் பின்னால் ஏன் புடவை ஆடுகிறது?" என்று அவனுடைய டீம் லீட் கேட்டான். வான்மதி ஜன்னல் பக்கம் வரும்போதெல்லாம் தவழ்ந்தாள். காலையும் மாலையும் நகமுரா அம்மாள் தண்ணீர் ஊற்றும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவள் கறிவேப்பிலைச் செடியோடு பேசுகிறாள் என்பது வான்மதிக்கு அப்போதுதான் தெரிந்தது. "உன் அம்மா வந்துவிடுவாள், கவலைப்படாதே," என்று சொன்னதைத் தரையில் படுத்தபடி கேட்டாள். அதற்குமேல் அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

நான்காம் நாள் மாலை சபரிக்கு அந்தத் தின்பண்டமெல்லாம் அலுத்துவிட்டது. "ஒரு ரசம் சாதமாவது சாப்பிடலாம்" என்று வான்மதியைக் கேட்காமல் குக்கரில் பருப்பை வைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டான்.

குக்கர் விசில் அடித்தது.

வெளியே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

வான்மதி அடுப்பை நோக்கித் தவழ்ந்தாள். பாதி வழியில் இரண்டாவது விசில். அது நம் காதுக்குப் பருப்பு வேகிற சத்தம். ஆளில்லாத வீட்டிலிருந்து அதைக் கேட்கிறவருக்குக் கேஸ் குழாய் வெடிக்கப்போகிற சத்தம். அவள் அடுப்பை அணைப்பதற்குள் வெளியே பதற்றமான குரலில், "ஆமாம், காலி வீடுதான், சீக்கிரம் வாருங்கள்!" என்று யாரோ போனில் சொல்வது கேட்டது.

தீயணைப்பு வண்டி அந்தத் தெருவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னார்கள். கதவை உடைக்கக் கோடரியோடு இரண்டு ஆஜானுபாகுகள் படியேறினார்கள். உடைக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. நைட்டியும் கையில் கரண்டியுமாக வான்மதி கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால், காதில் ஹெட்செட்டோடு அலமாரியிலிருந்து சபரி வெளிப்பட்டான். தெருவே கூடியிருந்தது.

நகமுரா அம்மாள் பூவாளியைப் பிடித்தபடி நின்றாள். வான்மதியைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து வளைந்தாள்.

"மன்னிக்க வேண்டும். உங்கள் பயணத்துக்கு இடைஞ்சல் செய்துவிட்டேன்."

அன்று வான்மதி சாப்பிடவில்லை.

"விடு வானு. இதோட அவங்களே பேச்சை நிறுத்திடுவாங்க. நீ கேட்டதும் அதுதானே?" என்றான் சபரி.

"நான் கேட்டது அதில்லைங்க," என்றாள் அவள். "இந்த ஊர்ல என் செடியோட பேசறது அவங்க ஒருத்தர்தான்."

மறுநாள் காலையில் கையில் ஒப்புட்டு, ஜாடி, தாயத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள புல்தரையில் பாதி தூரம் போனபோது, எதிரே நகமுரா அம்மாள் வந்துகொண்டிருந்தாள். சாம்பல் நிறத் துணியில் சுற்றிய பெட்டி. தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கும் பெட்டி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இடுப்பிலிருந்து வளைந்தார்கள்.

மண்டையும் மண்டையும் மோதின சத்தம் சபரிக்கு உள்ளே கேட்டது.

ஒப்புட்டு புல்லில் உருண்டது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வான்மதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பொய் சொன்னேன்," என்றாள். "நாங்க எங்கேயும் போகலை. என்னால இனிமே சமைக்க முடியலை. பலகாரம் தீர்ந்துபோச்சு. ஆனா உங்ககிட்ட வெறுங்கையோட வந்தா மரியாதைக் குறைவாயிடுமேன்னு பயம்."

நகமுரா அம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று வான்மதி பயந்துபோய்ப் பார்த்தால், சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"கடவுளுக்கு நன்றி," என்றாள். "அந்தக் காகிதக் கொக்கு மடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சு."

பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வான்மதி தரையில் உட்கார்ந்தபடியே இன்னொரு தடவை குனிந்து, ஆப்பில் கற்ற ஜப்பானிய மொழியில் நன்றி சொன்னாள். நகமுரா அம்மாள் வாயை மூடிக்கொண்டு, அவளும் குனிந்தாள்.

அன்றிலிருந்து டப்பாக்கள் வெறுமனே போய் வெறுமனே வந்தன. பல சமயம் டப்பாவே போகவில்லை, ஆட்கள்தான் போனார்கள். நகமுரா அம்மாள் வான்மதியின் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முறுக்குப் பிழிவாள். வான்மதி அந்த வீட்டுத் தாழ்வான மேஜை முன்னால் சம்மணம் போட்டுப் பச்சைத் தேநீர் குடிப்பாள். கிண்ணத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் கொஞ்சம் குழப்பம் இருந்தது. மற்றவள் சொல்லட்டும் என்று இருவரும் காத்திருப்பார்கள்.

இலையுதிர் காலத்தில் நகமுரா அம்மாள் ஜப்பானுக்குக் கிளம்பினாள். இரண்டு வாரப் பயணம். வான்மதி வழியனுப்ப முறுக்கும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுத்தாள். அம்மாள் வாசலில் நின்று வான்மதியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள, சான் டியாகோவில் படிக்கும் மகள் வந்திருந்தாள். முட்டியில் கிழிந்த ஜீன்ஸ், காலில் செருப்பு.

"நான் மேகன்," என்று கை நீட்டினாள்.

குனியத் தயாராக இருந்த வான்மதி பாதியில் நிமிர்ந்தாள். மேகன். மேகம் என்றுதான் அவர்கள் மொழியிலும் அர்த்தமோ? எவ்வளவு ஒற்றுமை! சபரியிடம் சொல்ல வேண்டும்.

"அம்மா நல்லபடியாப் போய்ச் சேர்ந்தாங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "இத்தனை வருஷம் கழிச்சு சொந்த ஊரைப் பார்க்கறாங்க. அழுதுட்டே இருப்பாங்க, இல்ல?"

"சொந்த ஊரா?" மேகன் விழித்தாள். பிறகு அவளுக்கு விஷயம் புரிந்து, அம்மாவைப் போலவே தோளைக் குலுக்கிச் சிரித்தாள். "அம்மா பிறந்தது இங்கே ஃப்ரெஸ்னோவில். கொள்ளுத் தாத்தா காலத்திலேயே வந்துவிட்டோம். ஒரு வார்த்தை ஜப்பானிய மொழி தெரியாது. இந்த மரியாதையெல்லாம் ஒவ்வொரு ராத்திரியும் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். நீங்கள் பக்கத்து வீட்டுக்கு வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் ஜப்பான்காரர்களாகவே இருந்ததில்லை, ஆன்ட்டி!"